ஆட்சி அல்லாஹ்வுக்கு என்றால் ஓட்டு யாருக்கு?

(உடுமலைப்பேட்டையில் இஷாத் தொழுகைக்குப் பின் வாலிபர்கள், வியாபாரிகள் முன் ஆற்றிய உரை. படிப்பவர்களுக்காகச் சில இடங்களில் விரித்து எழுதப்பட்டுள்ளது.)



கடையை அடைத்துவிட்டு, கல்லாப் பெட்டியைக்கூடச் சரியாக எண்ணாமல் ஓடி வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை நான் அதிக நேரம் பிடித்து வைக்க மாட்டேன். ஆனாலும் இன்று பேசப் போவது ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயம் இல்லை.

சில வாரங்களுக்கு முன் நமதூர்த் தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். செல்போன் கடையில் வேலை பார்க்கிறவர். ஐந்து வேளைத் தொழுகையாளி, நல்ல பிள்ளை. தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஹஜ்ரத், எங்க அத்தா எலெக்‌ஷன்ல பூத் ஏஜெண்டா உக்காந்தாரு. அவரு பண்ணினது ஷிர்க் தானே? அவருக்கு நான் ஸலாம் சொல்லலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது வருஷம் பழைய இரும்பு மூட்டை சுமந்து இந்தப் பிள்ளையை வளர்த்தவர் அவர். அந்த மனிதருக்கு ஸலாம் சொல்லலாமா என்று மகன் ஃபத்வா கேட்கிறார். "யாரப்பா உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?" என்றேன். செல்போனைக் காட்டினார்.

அந்தத் தம்பியைத் திட்டி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் திட்டாதீர்கள். அவர் கேட்டதற்கு அடியில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. "இறையாண்மை என்றாலே இறைவனுடைய ஆண்மை. அதை எடுத்து மக்களுக்குச் சொந்தம் என்று சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தை ஒப்புக்கொண்டு நான் எப்படி ஓட்டுப் போடுவேன்?" இதுதான் அவர் வாதம். கேட்கும்போது மறுக்க முடியாதது போலத்தான் இருக்கிறது.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். தமிழில் 'இறை' என்பதற்குக் கடவுள் என்ற ஒரு பொருள் மட்டும் கிடையாது. மன்னனுக்கும் அதே சொல்தான். மன்னனுக்குக் கட்டுகிற வரிக்கும் அதே சொல்தான். திருக்குறளில் இறைமாட்சி என்று ஒரு அதிகாரம் இருக்கிறது. அது அரசனைப் பற்றியது. வரி நீக்கிக் கொடுத்த நிலத்துக்கு 'இறையிலி' என்று பெயர். அதற்கு 'கடவுள் இல்லாத நிலம்' என்றா அர்த்தம்? ஆக, இறையாண்மை என்றால் அரசுக்குரிய மேலதிகாரம். சொல்லின் ஓசையை வைத்து மார்க்கத் தீர்ப்பு எழுதக் கூடாது.

அடுத்தது, அந்த மேலதிகாரத்தை மக்கள் யாரிடமிருந்து வாங்கினார்கள்? 1946 டிசம்பர் 13 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு குறிக்கோள் தீர்மானத்தைக் கொண்டு வந்தார். அது 1947 ஜனவரி 22ல் நிறைவேறியது. அதிகாரம் மக்களிடமிருந்து பிறக்கிறது என்று அதில் சொன்னபோது லண்டனில் இருந்த மன்னர் ஆறாம் ஜார்ஜ்தான் நம் தலைமேல் இருந்தார். 1950 ஜனவரி 26 வரை சட்டப்படி அவரே இந்தியாவுக்கும் மன்னர். அவரிடமிருந்து பிடுங்கியதுதான் இந்த அதிகாரம். அர்ஷின் அதிபதியிடமிருந்து எதையும் பிடுங்க எந்த நிர்ணய சபையாலும் முடியாது.

சரி, "தீர்ப்பு அதிகாரம் அல்லாஹ்வுக்கு மட்டுமே" என்று குர்ஆன் சொல்கிறதே என்பீர்கள். சொல்கிறது, அதில் சந்தேகமே இல்லை. எங்கே சொல்கிறது என்று பாருங்கள். சூரா யூசுஃபின் 40ஆம் வசனத்தில், நபி யூசுஃப் (அலை) அவர்கள் சிறைத் தோழர்களிடம் சொல்கிறார்கள். பக்கத்தை மூடிவிடாதீர்கள். பதினைந்தே வசனம் தள்ளி, 55ஆம் வசனத்தில், அதே யூசுஃப் (அலை) எகிப்து மன்னனிடம் நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாளராக்கும்படி தாமே கேட்கிறார்கள். அந்த மன்னன் ஷரீஅத்படி ஆண்டவனா? இல்லை. 76ஆம் வசனம் அந்த நாட்டில் மன்னனின் சட்டம் ஒன்று நடைமுறையில் இருந்ததைக் காட்டுகிறது. பஞ்சம் வரப் போகிறது, ஜனங்கள் சாகப் போகிறார்கள், தானியத்தைக் காப்பாற்றத் தமக்குத் தெரியும். ஆகவே பொறுப்பைக் கேட்டு வாங்கினார்கள். 40ஐச் சொன்ன வாய்தான் 55ஐயும் சொன்னது. தம்பி பார்த்த வீடியோ 40லேயே நின்றுவிட்டது.

இப்படிப் பாதி வசனத்தோடு நின்றவர்கள் நம் வரலாற்றில் முன்பே வந்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 37ல், அதாவது கி.பி. 657ல், ஸிஃப்பீன் போரில் அலி (ரலி) அவர்களும் முஆவியா (ரலி) அவர்களும் சண்டையை நிறுத்தி, நடுவர்கள் பேசித் தீர்க்கட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். உடனே அலியின் படையிலிருந்தே ஒரு கூட்டம் கிளம்பிற்று. 'தீர்ப்பு அல்லாஹ்வுக்கே! மனிதனை நடுவராக்கிய அலி காஃபிராகிவிட்டார்!' என்று கோஷம் போட்டது. அவர்கள்தான் கவாரிஜ்கள். நெற்றியில் ஸுஜூதின் தழும்பு, இரவெல்லாம் தொழுகை. அலி (ரலி) அவர்கள் சொன்ன பதிலை மதரஸாவில் ஓதியவர்கள் மறக்க மாட்டார்கள்: சொல் உண்மையானது, அதைக் கொண்டு நாடுவது பொய்யானது என்பது அதன் கருத்து.

பின்னர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் போய் வாதாடினார்கள். ஆயுதம் எடுத்துப் போகவில்லை, குர்ஆனையே எடுத்துப் போனார்கள். கணவன் மனைவி சண்டைக்கு இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைக்கச் சொன்னது யார்? இஹ்ராமில் இருப்பவர் ஒரு பிராணியை வேட்டையாடிவிட்டால், ஈடு என்ன என்று நீதியுள்ள இரண்டு பேர் தீர்ப்பளிக்கட்டும் என்று சொன்னது யார்? ஒரு முயலின் விலைக்கு மனிதன் தீர்ப்பளிக்கலாம், முஸ்லிம்களின் இரத்தத்தைக் காப்பாற்ற மனிதன் தீர்ப்பளிக்கக் கூடாதா? ஏராளமானோர் அன்று திருந்தி வந்தார்கள். திருந்தாதவர்களில் ஒருவன்தான் ஹிஜ்ரி 40ல் கூஃபாவில் அலி (ரலி) அவர்களை வெட்டினான். குர்ஆனின் பெயரால்தான் வெட்டினான்.

வாலிபத் தோழர்களே, இது அரபு நாட்டுப் பழங்கதை என்று நினைக்காதீர்கள். கோவையின் 1997 நவம்பரில் துப்பாக்கிச் சூட்டிலும் கலவரத்திலும் நம் மக்கள் 18 பேர் இறந்தபோதும், 1998 பிப்ரவரி 14ல் குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் போனபோதும் நான் பள்ளிக்கூடம் போகிற வயது. முதல் கொடுமைக்குப் பதில் என்று இரண்டாவது கொடுமையைச் செய்தவர்கள் எந்த ஆலிமின் தீர்ப்பைக் கேட்டார்கள்? செத்தவர்கள் அப்பாவிகள். அதற்குப் பிறகு நம் வியாபாரிகள் வாடகைக்குக் கடை கேட்டு அலைந்த கதை உங்கள் அத்தாமார்களுக்குத் தெரியும். அந்தக் கதையை அவர்களிடமே கேளுங்கள்.

இப்போது கிறிஸ்தவர்கள் பக்கம் வருகிறேன். "ஹஜ்ரத் பைபிளுக்கு ஏன் போகிறார்" என்று சில பெரியவர்கள் பார்க்கிறார்கள். காரணம் இருக்கிறது, பொறுங்கள்.

அவர்களுக்கும் இதே தலைவலிதான். நபி ஈஸா (அலை) அவர்களிடம் ரோமப் பேரரசனுக்கு வரி கட்டலாமா என்று கேட்டதாகவும், நாணயத்தைக் காட்டி, அரசனுடையதை அரசனுக்கும் இறைவனுடையதை இறைவனுக்கும் கொடுக்கும்படி அவர்கள் சொன்னதாகவும் அவர்களின் சுவிசேஷத்தில் இருக்கிறது. எது அரசனுடையது, எது இறைவனுடையது என்று பிரிப்பதில்தான் இரண்டாயிரம் வருஷச் சண்டை. ஆரம்ப காலத்தில் பேரரசனின் சிலைக்குச் சாம்பிராணி போட மறுத்ததற்காகக் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு பேரரசனே கிறிஸ்தவனானான். 494ல் போப் கெலாஸியஸ், உலகத்தை ஆள்வது இரண்டு அதிகாரங்கள், ஒன்று குருமாருடையது, மற்றது மன்னனுடையது என்று பேரரசனுக்குக் கடிதம் எழுதினார். இரண்டில் எது பெரிது என்பதற்காக 1077ல் ஜெர்மனியின் நான்காம் ஹென்றி கனோஸா கோட்டை வாசலில் மூன்று நாள் பனியில் நின்று போப்பிடம் மன்னிப்புக் கேட்டான். 1534ல் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி அதைத் தலைகீழாக்கி, சபைக்கும் நானே தலைவன் என்று சட்டம் போட்டான்.

ஐரோப்பாவில் போப்பின் கை தாழ்ந்ததும் இறைவனுக்குரிய தன்மைகளை அரசுக்குத் தூக்கிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத அதிகாரம், பங்கு போட முடியாத அதிகாரம் என்று. கார்ல் ஷ்மிட் என்ற ஜெர்மானியச் சட்ட அறிஞர் 1922லேயே இதைக் கண்டு சொன்னார்: இன்றைய அரசியல் சொற்களெல்லாம் இறையியலிலிருந்து இறக்கி வைத்தவை என்று. கண்டு சொன்னவர் 1933ல் ஹிட்லரின் கட்சியிலேயே போய்ச் சேர்ந்தார்! படிப்பு வேறு, தக்வா வேறு. அடுத்த வருஷமே, 1934 மே மாதம், பார்மன் என்ற ஊரில் சில கிறிஸ்தவப் போதகர்கள் கூடி, எங்கள் சபைக்கு ஹிட்லர் எஜமானன் ஆக முடியாது என்று அறிக்கை விட்டார்கள். அரசு தன்னை இறைவன் இடத்தில் வைக்கும்போது எதிர்த்து நின்ற அந்த மனிதர்களை நான் மதிக்கிறேன்.

நமக்குப் போப் கிடையாது. அது அல்லாஹ் செய்த பேருபகாரம். அபூபக்கர் (ரலி) அவர்களை ஒருவர் 'அல்லாஹ்வின் கலீஃபாவே' என்று அழைத்தபோது, 'நான் அல்லாஹ்வின் தூதருடைய கலீஃபா' என்று திருத்தினார்கள். பதவி ஏற்ற முதல் நாளே, நான் அல்லாஹ்வுக்கும் ரஸூலுக்கும் கீழ்ப்படியும்வரை எனக்குக் கீழ்ப்படியுங்கள், தவறினால் என்னைத் திருத்துங்கள் என்ற கருத்தில் பேசினார்கள். இறைவன் சார்பில் பேசுகிறேன், என்னைக் கேள்வி கேட்காதே என்று சொல்லும் உரிமை எந்த மனிதனுக்கும் இல்லை என்பதுதான் அதன் சாரம். பின்னால் வந்த சில சுல்தான்கள் தங்களைப் பூமியில் அல்லாஹ்வின் நிழல் என்று அழைத்துக்கொண்டார்கள். நிழலில் நின்றவர்கள் அவர்களுடைய சொந்தக்காரர்கள்தான்.

இனி, பெரியவர்கள் பொறுத்திருந்ததற்குக் காரணம். நம் ஊரிலிருந்து மூணாறு மலை ஏறி மறுபக்கம் இறங்கினால் கோட்டயம் ஜில்லா. அங்கே கிடங்கூர் என்று ஓர் ஊர். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பம். பிஜோ, பினு மோள், பிந்து என மூன்று பிள்ளைகள், முறையே பத்தாவது, ஒன்பதாவது, ஐந்தாவது வகுப்பு. பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், வாய் திறந்து பாட மாட்டார்கள். யெகோவாவின் ஆட்சி ஒன்றே ஆட்சி, வேறெதற்கும் துதி கிடையாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஜெர்மனியில் ஹிட்லருக்குக் கை தூக்க மறுத்துச் சிறைக்குப் போனவர்களும் இதே பிரிவினர்தான்.

கிடங்கூரில் வருஷக்கணக்காக யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. 1985 ஜூலையில் ஒரு எம்.எல்.ஏ. பார்த்தார், சட்டசபையில் எழுப்பினார். விசாரணைக் குழு போட்டார்கள். பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்று அந்தக் குழுவே சொல்லிற்று. ஆனாலும் ஜூலை 26ல் மூவரையும் பள்ளியை விட்டு நீக்கினார்கள். கேரள ஐகோர்ட், கீதத்தின் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எவருடைய மதத்தையும் புண்படுத்தும் சொல் இதில் ஒன்றுமில்லை என்று வழக்கைத் தள்ளிற்று.

சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி ஓ.சின்னப்ப ரெட்டியும் நீதிபதி எம்.எம்.தத்தும் 1986 ஆகஸ்ட் 11ல் தீர்ப்பளித்தார்கள். ஐகோர்ட் தவறான கேள்வியைக் கேட்டுவிட்டது என்றார்கள். அந்த நம்பிக்கை நமக்கு நியாயமாகப் படுகிறதா என்பது கேள்வி அல்ல, அவர்கள் அதை மனப்பூர்வமாக நம்புகிறார்களா என்பதே கேள்வி. தேசியச் சின்னங்களுக்கான 1971ஆம் வருஷச் சட்டம் பாடுவதைத் தடுப்பவனைத்தான் தண்டிக்கிறது, மௌனமாக நிற்பவனை அல்ல. அரசியல் சட்டத்தின் 19ம் 25ம் அந்தப் பிள்ளைகளுக்கும் உண்டு. பள்ளியில் மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவாயிற்று.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் ஜனகணமன பாடுகிறோம், நம் பிள்ளைகள் பாடுகிறார்கள், அதில் நமக்குத் தகராறு இல்லை. பெரும்பாலான கிறிஸ்தவச் சபைகளே அந்தப் பிரிவினரை ஏற்பதில்லை. ஆனால் அந்த மூன்று பிள்ளைகளின் மௌனத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு நாளை உங்கள் பிள்ளைக்கும் வேண்டியிருக்கும். 2017 ஜூலையில் சென்னை ஐகோர்ட்டில் ஒரு வழக்கு. ஆசிரியர் தேர்வில் வந்தே மாதரம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்ற கேள்விக்கு ஒரு மார்க் குறைத்ததால் வந்தது. ஒரு மார்க்கில் ஆரம்பித்து, பள்ளி, கல்லூரிகளில் வாரம் ஒரு முறையாவது அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்ற உத்தரவில் முடிந்தது! அதே உத்தரவில், தக்க காரணம் இருந்து பாட முடியாதவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் எழுதினார்கள். அந்த வரி கிடங்கூர்ப் பிள்ளைகள் போட்ட பாதையில் வந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

தம்பி விடவில்லை. "சட்டத்தின் முகவுரையில் அல்லாஹ்வின் பெயரே இல்லையே?" என்றார். இல்லைதான். 1949 அக்டோபர் 17ல் எச்.வி.காமத் என்பவர் 'கடவுளின் பெயரால்' என்று முகவுரையைத் தொடங்கத் திருத்தம் கொண்டு வந்தார். உடனே அஸ்ஸாமின் ரோஹிணி குமார் சௌதுரி, தேவியின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்றார். திருவாங்கூரின் பட்டம் தாணுப் பிள்ளை, நம்பாதவன் மீது இது திணிப்பாகும் என்று எதிர்த்தார். ஓட்டெடுப்பில் ஆதரவு 41, எதிர்ப்பு 68. அந்த 68 நமக்கு நன்மை செய்தது. யாருடைய கடவுள் என்ற சண்டை முதல் வரியிலேயே தொடங்கியிருந்தால் எந்தப் பெயர் நின்றிருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். வியாபாரிகள் கணக்கில் கெட்டிக்காரர்கள்.

அதே 1949ல் மார்ச் 12 அன்று, அகிலத்தின் ஆட்சி அல்லாஹ்வுக்கே என்று பாகிஸ்தான் தன் குறிக்கோள் தீர்மானத்தில் எழுதிற்று. எழுத்து அழகான எழுத்து. 1958ல் ராணுவ ஆட்சி, 1969ல் மறுபடியும், 1977ல் மறுபடியும். 1971ல் நாடே இரண்டாயிற்று. காகிதத்தில் அல்லாஹ்வின் பெயரை எழுதிவிட்டால் தளபதிகள் அல்லாஹ்வுக்கு அஞ்சிவிடுவார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரி 6ல் ஹுதைபிய்யாவில் செய்த ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். 'அல்லாஹ்வின் தூதர் முஹம்மத்' என்று எழுதியதைக் குறைஷிகளின் தூதுவர் ஸுஹைல் மறுத்தார். 'அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத்' என்று மாற்றப்பட்டது. பிஸ்மில்லாஹ்வின் வாசகமும் அவர்கள் கேட்டபடியே மாறிற்று. அல்லாஹ்வின் பெயர் அதில் வேறொரு வடிவில் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் 'ரஸூல்' என்ற சொல்லே அழிக்கப்பட்ட ஒரு பத்திரத்துக்கு அல்லாஹ்வின் ரஸூல் கட்டுப்பட்டார்கள். மை காயுமுன் ஸுஹைலின் மகன் அபூ ஜன்தல் (ரலி) சங்கிலியோடு ஓடி வந்து அடைக்கலம் கேட்டபோதும், கண்ணீரோடு திருப்பி அனுப்பினார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். மதீனாவில் யூதர்களோடு செய்த சாசனத்தைக் காட்டித்தான் தேவ்பந்தின் ஹுஸைன் அஹ்மத் மதனீ (ரஹ்) அவர்கள், இந்நாட்டு மக்களோடு ஒன்றாக வாழ்வது மார்க்கத்துக்கு முரணல்ல என்று 1938ல் நூலே எழுதினார்கள். அவர்கள் வெள்ளையனுக்குப் பயந்து எழுதியவர்கள் இல்லை. வெள்ளையன் ராணுவத்தில் சேர்வது ஹராம் என்ற தீர்மானத்துக்காக 1921ல் கராச்சியில் மௌலானா முஹம்மத் அலியோடு கூண்டில் நின்று சிறை சென்றவர்கள்.

மௌலானா மௌதூதி அவர்கள் ஹாகிமிய்யத் பற்றி எழுதியதையும் படியுங்கள். படிக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மௌலானா அபுல் ஹஸன் அலி நத்வீ (ரஹ்) அவர்கள் அதற்கு எழுதிய மறுப்பையும் சேர்த்துப் படியுங்கள். ரப்பு, இலாஹ் என்ற சொற்களை ஆட்சி அதிகாரமாகச் சுருக்கிவிட்டால் இறைவனை நேசிப்பதும் அழுது கேட்பதும் எங்கே போகும் என்பது அவர்களின் கவலை. இந்திய ஜமாஅத்தே இஸ்லாமியும் ஆரம்பத்தில் உறுப்பினர்கள் ஓட்டுப் போடக் கூடாது என்று வைத்திருந்து, பின்னாளில் அந்தத் தடையை நீக்கிக்கொண்டது. தம்பி பார்த்த வீடியோக்காரருக்கு இது தெரியாது போலும்.

அப்படியானால் ஓட்டு என்பது மார்க்கத்தில் என்ன? முஃப்தி முஹம்மத் ஷஃபீ (ரஹ்) அவர்கள் மூன்று விதமாகச் சொன்னார்கள்: அது சாட்சி, அது பரிந்துரை, அது வகாலத். இவர் தகுதியானவர் என்று சாட்சி சொல்கிறீர்கள். சாட்சியை மறைப்பவனின் உள்ளம் பாவத்தில் இருப்பதாக அல்பகராவின் 283ஆம் வசனம் எச்சரிக்கிறது. வீட்டில் படுத்துக்கொண்டு நான் ஷிர்க்கிலிருந்து தப்பிவிட்டேன் என்று நினைப்பவர் இதையும் நினைக்கட்டும். சாட்சியை விற்பவர் நிலை அதைவிட மோசம். 2016ல் பணப் பட்டுவாடா காரணமாக அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலையே நிறுத்தினார்கள். அரவக்குறிச்சி நமக்குத் தூரத்து ஊர் இல்லை. கவரை வாங்கிக்கொண்டு சாட்சி சொன்னவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. ஷிர்க்கைப் பற்றி இவ்வளவு பயப்படுகிற வாலிபர்கள் இந்தக் கவரைப் பற்றியும் கொஞ்சம் பயப்பட்டால் நல்லது.

எல்லாச் சட்டத்துக்கும் தலையாட்டு என்று நான் சொல்வதாக யாரும் வெளியே போய்ச் சொல்லாதீர்கள். படைத்தவனுக்கு மாறு செய்து படைப்புக்குக் கீழ்ப்படிதல் இல்லை. சட்டம் ஒரு பாவத்தைச் செய் என்று கட்டளையிட்டால் செய்ய முடியாது. அப்போது என்ன செய்வது என்பதற்குத்தான் கிடங்கூர். எழுந்து நின்றார்கள், வாய் மூடினார்கள், யாரையும் அடிக்கவில்லை, காஃபிர் என்று ஏசவில்லை, கோர்ட் படியேறினார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இருந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

அந்தத் தம்பி விஷயம் என்ன ஆயிற்று என்று முன்வரிசையில் கேட்கிறீர்கள். இதையெல்லாம் சொன்னேன். தலை குனிந்து கேட்டார். யூசுஃப் சூராவை மட்டும் தர்ஜுமாவோடு வாங்கிப் போனார். அத்தாவுக்கு ஸலாம் சொன்னாரா என்றால், நேற்று வரை இல்லை. அவர் அத்தா என்னிடம் வந்து, "அவன் சொல்லாட்டிப் போகுதுங்க ஹஜ்ரத், நான்தான் தெனமும் சொல்றனே, அதுக்குப் பதில் சொல்லாம போறான், அதுதான் மனசு கேக்கல" என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இருவரையும் என் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அத்தா வருவதாகச் சொல்லிவிட்டார். தம்பியைத் தெரிந்தவர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். கையோடு அவரை அழைத்து வாருங்கள்.